பூச்சியை ஈர்க்கும் பொறிப்பயிர்கள்

சென்னை யானைக்கவுனியை அடுத்துள்ள கொத்தவால்சாவடி, நெடுங்காலம் நகரின் மொத்தக் காய்கறிச் சந்தையாக விளங்கிற்று. சுற்றுப்புறக் கிராமங்களின் விளைபொருள்கள் அங்குதான் வந்து குவிந்தன. 1996-ஆம் ஆண்டில் அச்சந்தை கோயம்பேட்டிற்கு மாற்றப்பட்டது. இடம் மாறினும் சந்தையின் நியதி மாறவில்லை. புழு துளைத்த தக்காளிக்கு அன்றும் விலை இல்லை, இன்றும் இல்லை.

இவ்வச்சத்தினாலேயே குடியானவர் பலர், புழு கண்ணில் படுமுன்னரே மருந்துக் கடையை நாடுகின்றனர். செலவு ஏறுகிறது, காயில் நஞ்சு தங்குகிறது, பூச்சியோ நாளடைவில் மருந்துக்குப் பழகிவிடுகிறது. முட்டைக்கோசைத் தாக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சி டி.டி.டி. மருந்துக்குப் பணியாமற்போன செய்தி, 1953-ஆம் ஆண்டிலேயே ஜாவாத் தீவிலிருந்து வெளிவந்தது. ஆதலின் மருந்தொன்றையே நம்பியிராமல், பூச்சியின் இயல்பை அறிந்து அதனை வழிமாற்றும் உபாயத்தை நாம் கற்றுக்கொள்ளுதல் அவசியமாகும்.

பொறிப்பயிர் என்பது யாது?

பெண் அந்துப்பூச்சி கண்ட செடியிலெல்லாம் ஒரே அளவில் முட்டையிடுவதில்லை. தன் குஞ்சுகளுக்கு ஏற்றதென்று கருதும் செடியையே முதலில் நாடும். அத்தகைய செடியை நமது பயிரின் நடுவிலோ ஓரத்திலோ வளர்த்து, பூச்சியை அதன்பால் ஈர்த்து, அங்கேயே அழிப்பதுதான் பொறிப்பயிர் முறை.

கென்யா நாட்டில் மக்காச்சோளத் தண்டுத் துளைப்பானை இவ்வாறே அடக்குகின்றனர். நாம் மாட்டுத் தீவனத்துக்கு வளர்க்கும் நேப்பியர் புல்லை நிலத்தைச் சுற்றி நடுகின்றனர்; பூச்சி விரும்பாத ஒரு பயறுவகைச் செடியை வரிசைகளின் இடையே நடுகின்றனர். உள்ளிருந்து ஒன்று விரட்ட, வெளியிலிருந்து மற்றொன்று அழைக்கிறது.

தக்காளிக்குச் செண்டுமல்லி

பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தார், தக்காளிக் காய்ப்புழுவைச் செண்டுமல்லியால் ஈர்க்கும் முறையை ஆராய்ந்து 1994-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். நமது வேளாண்மைப் பல்கலைக்கழகமும் இதனைப் பரிந்துரைக்கிறது. முறை எளியது. தக்காளி 16 வரிசைக்குச் செண்டுமல்லி 1 வரிசை. 25 நாள் வயதுள்ள தக்காளி நாற்றையும், 40 நாள் வயதுள்ள உயரமான செண்டுமல்லி நாற்றையும் ஒரே சமயத்தில் நடவேண்டும்.

நாற்றின் வயதில் ஏன் இவ்வேறுபாடு? தக்காளி பூக்கும் வேளையில் செண்டுமல்லியும் மொட்டும் மலருமாய் நிற்க வேண்டும். அப்பொழுதுதான் பூச்சி அதனை நாடும். பதினைந்து நாள் முந்தி விதைக்கத் தவறியவருக்குச் செண்டுமல்லி அழகுச் செடியாகுமேயன்றிப் பொறியாகாது.

இதற்குச் செல்லும் நிலம் ஏக்கருக்கு ஏறத்தாழ 6 சென்ட் மட்டுமே. மலரை விற்றும் பணமாக்கலாம். செண்டுமல்லியின் வேர், மண்ணிலுள்ள வேர்முடிச்சு நூற்புழுக்களையும் குறைக்கவல்லது.

கோசுக்குக் கடுகு, மிளகாய்க்கு ஆமணக்கு

நீலகிரி, ஓசூர்ப் பகுதிகளில் கோசு பயிரிடுவோர்க்குக் கடுகு உதவும். மேற்சொன்ன ஆராய்ச்சி நிலையத்தாரின் முறைப்படி, 25 வரிசைக் கோசுக்கு இரு வரிசைக் கடுகு வேண்டும். கோசு நடுவதற்கு 15 நாள் முன்னர் ஒரு வரிசையும், நட்ட 25-ஆம் நாள் மறுவரிசையும் விதைக்க வேண்டும். முதற்கடுகு முற்றும் தறுவாயில் இரண்டாவது தழைத்து நிற்பதால், கோசு விளையும்வரை பொறி ஓயாது.

மிளகாய்த் தோட்டத்தின் ஓரத்திலும் வாய்க்கால் கரையிலும் ஆமணக்கு நட்டால், புரோடீனியாப் பூச்சி அதன் இலையின் அடிப்புறத்தில் குவியலாக முட்டையிடும். பழுப்பு ரோமம் மூடிய அம்முட்டைக் குவியலும், சல்லடைபோல் அரிக்கப்பட்ட இலையும் எளிதில் புலப்படும். அவ்விலை ஒன்றைக் கிள்ளினால் நூற்றுக்கணக்கான புழுக்கள் ஒழியும்.

பொறியைக் காலி செய்தல்

இம்முறையின் உயிர்நாடி இதுவே. எலிப்பொறி வைத்தவர் காலையில் அதனைத் திறந்து பார்க்கிறார். பொறிப்பயிர் நட்டவரும் அவ்வாறே செய்யவேண்டும். கவனியாது விட்ட செண்டுமல்லி, புழு வளர்க்கும் பண்ணையாகும். அதில் கொழுத்த புழு அடுத்த வரிசைத் தக்காளிக்கே வந்து சேரும். வைக்காமலிருப்பதைவிட, வைத்துவிட்டுக் கவனியாதிருப்பது பெருந்தீங்கு.

ஆகவே வாரம் இருமுறையேனும் பொறிப்பயிரைப் பார்வையிடுக. முட்டையையும் புழுவையும் பொறுக்கிச் சோப்புக் கரைத்த நீரில் இடுக. புழு துளைத்த மொட்டையும் மலரையும் கிள்ளி அகற்றுக. மருந்து இன்றியமையாததாயின், தோட்டக்கலை அலுவலரைக் கேட்டுப் பொறிப்பயிரின்மீது மட்டும் தெளிக்கலாம். விற்பனைக்குரிய மலரின்மீது தெளித்தல் ஆகாது. வேப்பங்கொட்டைச் சாற்றையோ பொறிப்பயிருக்கன்றித் தக்காளிக்கும் கோசுக்குமே தெளித்தல் பொருத்தமாகும். வேம்பு பூச்சியை விலக்கும். விலகிய பூச்சிக்குப் பொறிப்பயிர் வழிகாட்டும்.

பொறிப்பயிர் ஒன்றே எல்லாப் புழுவையும் ஒழித்துவிடும் என எதிர்பார்த்தல் தகாது. ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி வைத்தால், பூச்சியின் வரவை முன்கூட்டியே அறியலாம்.

ஊராட்சி மன்றங்கள் செய்யத்தக்கவை

அந்துப்பூச்சிக்கு வரப்பும் பட்டாவும் தெரியா. ஒருவர் பொறுக்க, அடுத்தவர் வளர்த்தால், இருவர் உழைப்பும் வீணாம். எனவே ஊராட்சி மன்ற உறுப்பினர்கள் தத்தம் வார்டிலுள்ள காய்கறி விவசாயிகளை விதைப்புக்கு முன் ஒன்றுகூட்டி, நடவு நாளை ஒட்டிச் செண்டுமல்லி விதைக்கும் நாளை முடிவு செய்யலாம். மகளிர் சுய உதவிக் குழுவினர் நாற்றங்கால் அமைத்து நாற்று வழங்கலாம். ஒருவர் தோட்டத்தில் ஒரு பாத்தியை மருந்தின்றிப் பொறிப்பயிருடன் வளர்த்து, சொத்தைக் காயை எண்ணிக் கிராம சபையில் கணக்குக் காட்டலாம்.

கேட்டதை நம்பவேண்டுவதில்லை, எண்ணிப் பார்த்ததை நம்பினால் போதும். வரும் பட்டத்திலேயே ஊருக்கு ஒரு தோட்டமேனும் இம்முறையில் பயிராகுமானால், அத்தோட்டமே மற்றவர்க்குப் பாடசாலையாகும்.