வயிற்றோட்டம்: பிள்ளைக்கு உணவை நிறுத்தாதீர்கள்

மீளக்குடியேறும் இடங்களில் கிணறுகள் இறைத்துத் துப்புரவாக்கப்படும் வரை சிறுபிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் ஏற்படக்கூடும். அப்போது "வயிறு ஆறட்டும்" என்று உணவை நிறுத்துபவர்கள் உண்டு. இது பிழை. வயிற்றோட்டத்தால் நீரும் உப்பும் மட்டுமல்ல, உடல் நிறையும் குறைகிறது. பட்டினி போட்டால் பிள்ளை மேலும் மெலிந்து, அடுத்த நோய்க்கு இலகுவில் ஆளாகும்.

நீங்கள் செய்ய வேண்டியவை:

• தாய்ப்பாலை வழமையிலும் கூடுதலான தடவைகள் கொடுங்கள்.

• கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். ஜீவனிப் பைக்கற் முழுவதையும், அதில் எழுதியுள்ள அளவு (வழமையாக 1 லீற்றர்) கொதித்தாறிய நீரில் கரையுங்கள். 24 மணித்தியாலத்தின் பின் மிஞ்சியதை ஊற்றிவிடுங்கள்.

• ஒவ்வொரு தடவை வயிற்றால் போன பின்பும், 2 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 50–100 மில்லிலீற்றர், அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு 100–200 மில்லிலீற்றர் கொடுங்கள். வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, கரண்டியால் மெதுவாகப் பருக்குங்கள்.

• 6 மாதம் கடந்த பிள்ளைக்குக் குழைந்த சோறு, பருப்பு, முள் நீக்கிய மீன், வாழைப்பழம் என்பவற்றைச் சிறிது சிறிதாகப் பல தடவை ஊட்டுங்கள். சோடா, இனிப்புப் பானங்கள் வேண்டாம்.

• சுகமான பின்பும் 2 வாரங்களுக்குத் தினமும் ஒரு வேளை உணவு கூடுதலாகக் கொடுங்கள். இழந்த நிறை அப்போதுதான் திரும்பும்.

மலத்தில் இரத்தம், குழிவிழுந்த கண்கள், எழுப்ப முடியாத சோர்வு, ஓயாத வாந்தி, குடிக்க இயலாமை ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். பிள்ளையால் குடிக்க முடியுமானால், போகும் வழியிலும் ஜீவனி நீரைக் கொடுத்துக்கொண்டே செல்லுங்கள்.