சோற்று மரத்தடியில் அழுகும் சோறு

நம்பிக்கைகளும் உண்மைகளும்

கண்டியை அடுத்த அம்பிட்டியவில் எங்கள் ஒழுங்கை திரும்பும் இடத்தில் ஒரு பெரிய பலாமரம் நிற்கிறது. போன கிழமை காலையில் அதன் அடியில் நான்கு பழங்கள் விழுந்து வெடித்துக் கிடந்தன. ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. புளித்த வாசனை தெருமுனைக் கடைவரை வந்தது. அந்தக் கடையில்தான் நாங்கள் எல்லோரும் பாண் வாங்க நின்றோம்.

2022 இல் இதே மரத்தின் கீழ் ஒரு சுளைகூட வீணாகவில்லை. கேஸ் கிடைக்கவில்லை, பால்மா கிடைக்கவில்லை, பாண் விலை ஏறிக்கொண்டே போனது. மரத்துக்காரர் காய் இறக்கும் நாளில் அயலட்டை முழுக்கப் பாத்திரத்தோடு போய் நின்றது. பொருளாதார நெருக்கடி தணிந்ததும் பழைய நினைப்புகள் திரும்பி வந்துவிட்டன. கண்டியில் நான் அடிக்கடி கேட்கும் அந்த நினைப்புகளில் ஆறை இங்கே எடுத்துக்கொள்கிறேன். இவை கைக்கு எட்டும் உணவை நம் கண்ணுக்கு மறைக்கின்றன. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நம்பிக்கை 1: பலாக்காயும் கிழங்கும் பஞ்ச காலத்துச் சாப்பாடு

உண்மை: பஞ்சத்தில் காப்பாற்றியது என்பதற்காக அது பஞ்சச் சாப்பாடு ஆகிவிடாது. சிங்களத்தில் பலாவுக்கு ‘பத் கஸ’ என்று ஒரு பெயர் உண்டு, சோற்று மரம் என்று பொருள். 1915 கலவரத்தை ஒட்டி வெள்ளையர் ஆட்சி சிறையில் அடைத்தவர்களில் பாணந்துறையைச் சேர்ந்த ஆர்தர் வி. டயஸும் ஒருவர். வெளியே வந்த பின், நாட்டுக்கு உணவு தட்டுப்பட்டால் மக்கள் என்ன செய்வார்கள் என்ற கவலையில் அவர் பத்து இலட்சம் பலா நடும் இயக்கத்தைத் தொடங்கினார். ‘கொஸ் மாமா’ என்று நாடு அவரை அழைத்தது. பின்னர் 1951 இல் வந்த சட்டம், பலாவையும் ஈரப்பலாவையும் அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது என்றது. மரத்தைச் சட்டம் போட்டுக் காக்கிற நாடு, காயை மண்ணில் அழுகவிடுகிறது.

பாண் நமக்கு இவ்வளவு நெருக்கமானதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1942 இல் பர்மா ஜப்பானியர் கையில் விழுந்தபோது அங்கிருந்து வந்த அரிசி நின்றது. அந்த இடத்தைக் கோதுமை மா பிடித்தது. இலங்கையில் கோதுமை விளைவதில்லை. இன்றும் முழுவதும் கப்பலில்தான் வருகிறது. டொலர் இல்லாத நாளில் பாண் என்ன ஆகும் என்பதை 2022 இல் கண்ணால் கண்டோம்.

பலாவில் ஒரே மரம் மூன்று விதமாகச் சமையலறைக்கு வருகிறது. பிஞ்சில் பொலோஸ், முற்றிய காயில் சுளையும் கொட்டையும், கனிந்தால் பழம். என் அம்மா பொலோஸ் வெட்டும் நாளில் தரையில் பழைய பத்திரிகை விரிப்பார். கத்தியிலும் உள்ளங்கையிலும் தேங்காய் எண்ணெய் பூசிக்கொள்வார். இல்லாவிட்டால் பால் ஒட்டி இரண்டு நாளைக்குப் போகாது. தோலைத் தடிப்பாகச் சீவி, துண்டு போட்டு, கொறுக்காயும் வறுத்த தூளும் றம்பையும் போட்டு மண்சட்டியில் மெல்லிய நெருப்பில் மணிக்கணக்காக விடுவார். துண்டு கறுத்துச் சிவந்து, தொட்டால் நார் நாராகப் பிரியும். அதைச் சாப்பிட்ட எவருக்கும் பஞ்சம் நினைவுக்கு வராது.

காய் மிஞ்சினால் சுளையை அரைவேக்காடாக அவித்து வெயிலில் உலர்த்தி வைப்பார்கள். அது ‘அட்டுகொஸ்’. கொட்டையை மணலில் புதைத்து மாதக்கணக்கில் வைத்திருப்பார்கள். குளிர்சாதனப் பெட்டி வருவதற்கு முன்பே இந்த ஊர் சேமிக்கக் கற்றிருந்தது.

நம்பிக்கை 2: காடாகக் கிடக்கும் தோட்டம் சோம்பேறியின் தோட்டம்

உண்மை: கண்டியைச் சுற்றிய வீட்டுத்தோட்டங்களைப் பார்க்க உலகின் பல பக்கத்திலிருந்தும் விவசாய ஆய்வாளர்கள் வந்துபோகிறார்கள். காடு போன்ற அந்தத் தோற்றத்தில்தான் அதன் கெட்டித்தனம் இருக்கிறது.

மேலே தென்னை, கமுகு, கித்துள். அதற்குக் கீழே பலா, ஈரப்பலா, மா. அதற்கும் கீழே சாதிக்காய், கராம்பு, கோப்பி, வாழை. மரத்தைப் பிடித்து ஏறும் மிளகுக்கொடி. நிலத்தில் இஞ்சி, மஞ்சள், சேம்பு, மரவள்ளி, இராசவள்ளி. ஒரே துண்டு நிலம் நான்கைந்து தட்டில் விளைகிறது. சரிவான மலைநிலத்தில் அடைமழை நேராக மண்ணில் அடித்தால் மேல்மண் கழுவிக்கொண்டு மகாவலிக்குப் போய்விடும். இலைத்தட்டுகள் துளியின் வேகத்தை உடைக்கின்றன. உதிரும் சருகு மண்ணை மூடி, மக்கி, அதே மரத்துக்குப் பசளையாகிறது.

இந்தத் தோட்டத்துக்கும் வேலை உண்டு. கிளை கழிக்க வேண்டும், கொடி கட்ட வேண்டும், எந்த இடத்தில் வெயில் விழுகிறது என்று பார்த்து நட வேண்டும். ஒரு பயிர் பொய்த்தால் இன்னொன்று கைகொடுக்கும். மிளகு விற்ற காசு பிள்ளையின் பாடசாலைச் செலவுக்கு, பலா வீட்டு அடுப்புக்கு. அழகுக்காக எல்லாவற்றையும் வெட்டிப் புல்தரை போடுமுன் ஒருமுறை நின்று யோசியுங்கள். அந்த மரங்கள் ஒரு தலைமுறையின் உழைப்பு.

நம்பிக்கை 3: கண்டிச் சந்தையில் வாங்கினால் அது நம் ஊர் மரக்கறி

உண்மை: சில வேளை ஆம், சில வேளை இல்லை. நுவரெலியாவில் பிடுங்கிய கரட்டும் லீக்ஸும் லொறியில் ஏறி, கண்டிப் பக்கமாகவே கடந்து, தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்குப் போவதுண்டு. அங்கே விலை பேசப்பட்டு, அதில் ஒரு பகுதி எழுபதுக்கும் மேற்பட்ட கிலோமீற்றர் திரும்பி வந்து கண்டிக் கடையில் ஏறுகிறது. சாக்கில் அடைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஏற்றி இறக்கும்போது நசுங்குவது கொஞ்சமல்ல. நாட்டில் விளையும் மரக்கறியிலும் பழத்திலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, அறுவடைக்கும் அடுப்புக்கும் இடையில் வீணாகிறது என்பதே பொதுவான மதிப்பீடு. அந்த நட்டத்தை விவசாயியும் நீங்களும்தான் சுமக்கிறீர்கள்.

சந்தையின் ஓரத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் அம்மாவைப் பாருங்கள். வாழைநாரில் கட்டிய வல்லாரை, பொன்னாங்காணி, இரண்டு ஈரப்பலா, ஒரு சீப்பு வாழைப்பழம். வல்லாரையின் வேரில் மண் இன்னும் ஈரமாக இருக்கும். அது விடிய முன் பிடுங்கியது. “அம்மா, இது எங்க வெளஞ்சது?” என்று கேளுங்கள். ஊர்ப் பெயரைச் சொல்வார், எப்படிச் சமைப்பது என்றும் சொல்வார். பேரம் பேசாமல் வாங்குங்கள். அவருக்குக் கொடுக்கும் காசு நடுவில் எங்கும் தங்காமல் அந்தத் தோட்டத்துக்கே போகிறது.

பேராதனைக்குப் பக்கத்தில் கன்னொறுவையில் விவசாயத் திணைக்களம் நடத்தும் ‘ஹெல போஜுன்’ உணவகத்தையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். பெண்கள் தாங்களே சமைத்துத் தாங்களே விற்கிறார்கள். இலைக்கஞ்சி, குரக்கன், கிழங்கு, பலா என உள்ளூர் விளைச்சலே அங்கே சாப்பாடு. மத்தியான நேரத்தில் அங்கே இருக்கை கிடைப்பது கஷ்டம். ருசியாகச் செய்து கொடுத்தால் சனம் வாங்கும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

நம்பிக்கை 4: உள்ளூர் உணவு என்றால் இரசாயனம் அறவே கூடாது

உண்மை: இந்த நம்பிக்கைக்கு நாடு பெரிய விலை கொடுத்தது. கோட்டாபய ராஜபக்ஷ அரசாங்கம் 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியை ஒரே அடியாகத் தடைசெய்தது. அத்தனை வயலுக்கும் போதுமான சேதனப் பசளை எங்கும் தயாராக இருக்கவில்லை. நவம்பரில் தடையை நீக்கினார்கள். அதற்குள் பெரும்போகத்து நெல் அடிபட்டுவிட்டது, தேயிலையும் சரிந்தது, அரிசிக்கு மறுபடி கப்பலைப் பார்த்து நின்றோம்.

சேதனப் பசளை நல்லது. நான் வீட்டில் கூட்டெரு போடுகிறேன், உங்களையும் போடச் சொல்வேன். ஆனால் மண் வருடக்கணக்கில் தேறும், வர்த்தமானி அறிவித்தலால் ஒரு போகத்தில் தேறாது. அளவாக உரமிட்டு, பூச்சிமருந்து அடித்த பின் குறித்த நாள் பொறுத்து அறுவடை செய்யும் விவசாயியும் நம் ஊர் விவசாயிதான். அவரை ஒதுக்கினால் நம் தட்டு காலியாகும்.

நம்பிக்கை 5: மரவள்ளியோடு இஞ்சி சேர்ந்தால் விஷம்

உண்மை: இந்தப் பயத்தை எல்லா வீட்டிலும் கேட்டிருப்பீர்கள். விஷம் இஞ்சியிலிருந்து வருவதில்லை. மரவள்ளியிலேயே லினமரின் என்ற பொருள் இருக்கிறது. கிழங்கு நசுங்கும்போதும் வெட்டுப்படும்போதும் அதிலிருந்து சயனைட் வெளிவருகிறது. இஞ்சியை ஒதுக்கிவைத்ததால் மட்டும் சரியாக அவிக்காத கிழங்கு பாதுகாப்பாகிவிடாது. ஆபத்து அங்கேதான்.

பிடுங்கிய அன்றே சமையுங்கள். மேல்தோலோடு உள்ளே இருக்கும் தடித்த தோலையும் உரியுங்கள். துண்டு போட்டு, நிறையத் தண்ணீர் விட்டு, மூடாமல் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிடுங்கள். உள்ளே நீலக்கோடு ஓடியிருந்தாலோ கசந்தாலோ எறிந்துவிடுங்கள். இவ்வளவையும் செய்தால் சம்பலோடு சாப்பிட மரவள்ளியைப் போல ஒரு காலைச் சாப்பாடு கிடையாது.

நம்பிக்கை 6: மனம் இருந்தால் யாரும் வீட்டில் பயிரிடலாம்

உண்மை: மனத்தோடு மண்ணும் வேண்டும். 2022 ஜூனில் அரச ஊழியர்களுக்கு வீட்டில் பயிரிடுவதற்காக வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்தார்கள். காணி உள்ளவருக்கு அது உதவியது. இதே கண்டி மாவட்டத்தில், 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்ட லூல்கந்துரவுக்கும், கலஹாவுக்கும், தெல்தோட்டைக்கும் போய்ப் பாருங்கள். இருநூறு ஆண்டாக இந்த மலையை விளையவைத்த மலையகத் தமிழரில் பலர் இன்னும் பத்துக்குப் பன்னிரண்டடி லயத்துக் காம்பராவில்தான் இருக்கிறார்கள். அரசாங்கம் வாக்களித்த ஏழு பேர்ச் காணியும் எல்லோருக்கும் வந்துசேரவில்லை. ஆனாலும் இஸ்தோப்புக்கு முன்னால் இருக்கும் கையகல நிலத்தில் போஞ்சிக்குக் கம்பு ஊன்றியிருப்பார்கள், கறிவேப்பிலை நட்டிருப்பார்கள். மண் கைக்கு வந்தால் என்ன செய்வார்கள் என்பதை அந்தக் கையகல நிலமே சொல்கிறது. உள்ளூர் உணவு பற்றிப் பேசுகிற நாம் அவர்களுடைய காணிக்காகவும் பேச வேண்டும்.

காணி உள்ளவருக்குக் குரங்குத் தொல்லையும் உண்மைதான். 2025 மார்ச் 15 காலையில் ஐந்து நிமிடம் நாடு முழுக்கத் தோட்டங்களில் குரங்கையும் மயிலையும் மர அணிலையும் எண்ண வேண்டிய அளவுக்கு அது வந்துவிட்டது. குரங்கு அதிகம் நாடாத மஞ்சள், இஞ்சி, மிளகு, றம்பை ஆகியவற்றில் தொடங்குங்கள். நகரத்துக்குள் மாடிவீட்டில் இருப்பவருக்கு நாலு உரப்பை போதும், பொன்னாங்காணித் தண்டும் வல்லாரையும் வேர் பிடிக்கும். சாடியின் அடித்தட்டில் மட்டும் தண்ணீர் தேங்கவிடாதீர்கள், கண்டியில் டெங்கு குறைவில்லை. வீட்டுத்தோட்டம் அரிசியைத் தராது, முழுப் பசியையும் ஆற்றாது. அதனால்தான் அயலில் விளைந்ததைக் காசு கொடுத்து வாங்குவதும் நடுவதற்குச் சமமான வேலை.

போன கிழமை அந்த மரத்தடியில் வெடித்துக் கிடந்த பழம் ஒன்றிலிருந்து பத்துக் கொட்டை எடுத்து வந்தேன். பலாக்கொட்டையை நெல்விதைபோல் காயவைத்துப் பத்திரப்படுத்தினால் முளைக்காது. பழத்தை விட்டு எடுத்த சில நாளுக்குள், ஈரம் காய முன் மண்ணுக்குள் போக வேண்டும். ஆறு கொட்டையை நட்டேன். மற்ற நாலும் இராத்திரிக் கறிக்குப் போயின.