கடலுக்குப் பட்ட கடன்: எண்ணெய்க் கசிவுக்குப் பிறகு செய்ய வேண்டியது என்ன?

இந்த இதழின் பாடம் கடலைப் பற்றியது.

2024 ஜூன் 14-ஆம் தேதி பிற்பகல். சிங்கப்பூரின் பாசிர் பாஞ்சாங் முனையத்தில் ‘மரீன் ஹானர்’ என்ற கப்பல் நின்றுகொண்டிருந்தது. மற்றக் கப்பல்களுக்கு எரிபொருள் நிரப்பும் கப்பல் அது. ‘வாக்ஸ் மேக்சிமா’ என்ற தூர்வாரும் கப்பல் அதன்மேல் வந்து மோதியது. தூர்வாரும் கப்பலின் இயந்திரமும் சுக்கானும் திடீரெனக் கட்டுப்பாட்டை இழந்ததாகத் தெரிவிக்கப்பட்டது. அடிபட்ட கப்பலின் எண்ணெய்த் தொட்டி ஒன்று உடைந்து, சுமார் 400 டன் எரிபொருள் கடலில் கலந்தது. மறுநாளே செந்தோசா கடற்கரைகளிலும் லாப்ரடோர் பாறைக்கரையிலும் தெற்குத் தீவுகளிலும் கறுப்பு படிந்தது. சில நாளில் ஜொகூர் கோத்தா திங்கி கடற்கரைக்கும் எண்ணெய் வந்து சேர்ந்தது.

பணியாளர்களும் தொண்டூழியர்களும் மணலை அள்ளினார்கள், பாறையைக் கழுவினார்கள். மூடப்பட்ட கடற்கரைகள் படிப்படியாகத் திறந்தன. இன்று போய்ப் பார்த்தா மணல் சுத்தமாகத்தான் இருக்கு. அப்படின்னா பிரச்சினை முடிஞ்சிடுச்சா?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதுதான் இன்றைய பாடம். சுத்தம் செய்வது வேறு, மீட்டெடுப்பது வேறு. நாம் பெரும்பாலும் இரண்டையும் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம்.

எண்ணெய் எப்படிக் கெடுக்கிறது?

எண்ணெய் நீரைவிட அடர்த்தி குறைந்தது. அதனால் பெரும்பகுதி மேலே மிதக்கிறது. காற்றும் நீரோட்டமும் அதைக் கரைக்குத் தள்ளுகின்றன. லேசான பகுதி ஆவியாகிவிடும். மிச்சம் அலையில் அடிபட்டு, நீரையும் சேர்த்துக்கொண்டு, தடித்த குழம்பாகிவிடும். மிதவைத் தடுப்பு போட்டு அதை ஓரிடத்தில் சேர்த்து அள்ளலாம். ஆனால் அலை உயர்ந்தால் எண்ணெய் தடுப்பைத் தாண்டிப் போய்விடும்.

பறவையின் இறகு குளிரையும் நீரையும் தடுக்கும் ஒரு சட்டை மாதிரி. எண்ணெய் பட்டால் இறகுகள் ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் உள்ளே புகும். பறவை உடல் சூட்டை இழக்கும். அலகால் இறகைக் கோதும்போது எண்ணெய் வயிற்றுக்குள்ளும் போகும். பாக்காவ் மரங்களுக்கு வேறு விதமான ஆபத்து. அவற்றின் மூச்சு வேர்களில் உள்ள நுண்துளைகளை எண்ணெய் அடைத்துவிட்டால் மரம் மெல்லத் திணறும். கசிவு நடந்து பல மாதம் கழித்துக்கூட மரம் சாகலாம். அதனால்தான் ‘இப்போ நல்லாத்தானே இருக்கு’ என்று அவசரப்பட்டுச் சொல்ல முடியாது.

மெக்சிகோ வளைகுடாவின் பாடம்

மீட்டெடுப்பது என்றால் என்ன என்று படிக்க, உலகில் அதிகமாக ஆராயப்பட்ட கசிவுகளில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2010 ஏப்ரல் 20-ஆம் தேதி, அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக்கு அப்பால் நடுக்கடலில் ‘டீப்வாட்டர் ஹொரைசன்’ துளையிடும் மேடை வெடித்தது. 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். சுமார் 1,500 மீட்டர் ஆழத்தில் கிணற்றின் வாயிலிருந்து எண்ணெய் பீறிட்டது. அதை அடக்க 87 நாள் ஆனது. நீதிமன்றத்தின் கணக்குப்படி கடலில் கலந்தது சுமார் 31.9 லட்சம் பீப்பாய். சுமார் 2,100 கிலோமீட்டர் நீளக் கரையை எண்ணெய் தொட்டது.

2016 ஏப்ரலில் முடிவான ஒப்பந்தத்தின்படி, இயற்கையை மீட்க மட்டும் பிபி நிறுவனம் 880 கோடி டாலர் வரை கொடுக்க வேண்டும். துடைக்கும் செலவு இதில் சேராது. அது தனி. இந்தப் பணத்தை வைத்து என்ன செய்தார்கள் என்பதை மூன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

ஒன்று: வாழிடம்

லூசியானா கரையின் சதுப்புப் புல்வெளிகள் இறால், நண்டு, மீன் குஞ்சுகளுக்குத் தொட்டில். எண்ணெய் பட்ட இடத்தில் புல் செத்தது. வேர் பிடித்திருந்த வரை நின்ற மண், வேர் போனதும் அலையில் கரைந்தது. எண்ணெயைத் துடைக்கலாம். கரைந்துபோன மண்ணைத் துடைப்பதால் மீட்க முடியுமா? அதனால் புதிதாக மண்ணைக் கொட்டி நிலத்தையே உருவாக்க வேண்டியிருந்தது.

பராட்டாரியா விரிகுடாவில் உள்ள குயின் பெஸ் தீவு இதற்கு நல்ல உதாரணம். லூசியானாவின் மாநிலப் பறவை பழுப்புக் கூழைக்கடா. டிடிடி போன்ற பூச்சிக்கொல்லிகளால் 1960-களில் அந்த மாநிலத்திலிருந்தே அது காணாமல் போயிருந்தது. புளோரிடாவிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். 1971-இல் அவை மறுபடியும் கூடு கட்டியது இந்தத் தீவில்தான். 2009 நவம்பரில் அப்பறவையை அமெரிக்காவின் அருகிவரும் இனங்களின் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். சரியாக ஐந்து மாதத்தில் கசிவு வந்தது. தீவின் கரையெல்லாம் எண்ணெய்.

தீவு ஏற்கெனவே அரிப்பால் சுருங்கிக்கொண்டிருந்தது. கூடு கட்ட உகந்த இடம் சுமார் 5 ஏக்கர்தான் மிஞ்சியது. மீட்புத் திட்டத்தில் மணல் கொட்டி, சுற்றிலும் பாறைத் தடுப்பு அமைத்து, செடிகள் நட்டு, 2020 தொடக்கத்தில் அதைச் சுமார் 37 ஏக்கராக்கினார்கள். அடுத்த கூடுகட்டும் பருவத்துக்குள் வேலை முடிய வேண்டும் என்று காலம் பார்த்துச் செய்தார்கள். பறவைக்கு நாள்காட்டி இருக்கு. ஒப்பந்தக்காரரின் நாள்காட்டி அதற்குப் பணிய வேண்டும்.

இரண்டு: உயிரினம்

2010-இல் வளைகுடாவின் வடகரையில் ஆமைக் குஞ்சுகள் பொரித்து வெளியே வந்தால் நேராக எண்ணெய்க்குள்தான் போகும் என்ற நிலை. அதனால் சுமார் 270 கூடுகளின் முட்டைகளைத் தோண்டி எடுத்து, அட்லாண்டிக் கரையில் உள்ள கென்னடி விண்வெளி மையத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பொரித்த 14,000-க்கும் மேற்பட்ட குஞ்சுகள் அட்லாண்டிக் கடலில் விடப்பட்டன. இது அவசர உதவி.

நீண்டகால மீட்பு வேறு மாதிரி. செத்த ஆமையை யாரும் திருப்பித் தர முடியாது. ஆனால் இருக்கும் ஆமைகளுக்கு வேறு எதனால் ஆபத்து என்று பார்த்து, அதைக் குறைக்கலாம். மீன்வலையில் சிக்கிச் சாகும் ஆமைகள் உண்டு. கடற்கரை விளக்குகளைப் பார்த்து வழிதவறும் குஞ்சுகள் உண்டு. மீட்புப் பணத்தில் வலை தொடர்பான திட்டங்களும், கரையோர விளக்குகளை ஆமைக்கு ஏற்றபடி மாற்றும் திட்டங்களும் நடந்தன. எண்ணெய்க்கும் தெருவிளக்குக்கும் என்ன சம்பந்தம் என்று தோணும். ஒரு கையால் எடுத்ததை இன்னொரு கையால் திருப்பித் தருவதுதான் சம்பந்தம்.

மூன்று: மனிதர்களின் பொழுதுபோக்கு

கடற்கரைக்குப் போக முடியாத நாளும் ஓர் இழப்புதான் என்று அங்கே கணக்கிட்டார்கள். படகு, தூண்டில், கடற்கரை உலா எல்லாம் சேர்த்து, 1 கோடியே 60 லட்சத்துக்கும் மேற்பட்ட ‘ஆள்-நாள்’ இழப்பு. பண மதிப்பில் சுமார் 69 கோடி டாலர். இதை ஈடுகட்ட நடைபாதைகள், படகுத்துறைகள், பூங்காக்கள் அமைத்தார்கள்.

இங்கே ஒரு சர்ச்சையும் வந்தது. அலபாமாவின் கல்ஃப் ஸ்டேட் பூங்காவில் மணல்மேடு சீரமைப்பு, நடைபாதை ஆகியவற்றோடு ஒரு பெரிய விடுதியும் மாநாட்டு மையமும் கட்ட மீட்பு நிதியைக் கேட்டார்கள். சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்று வழக்குப் போட்டது. மாற்று வழிகளைச் சரியாக ஆராயவில்லை என்று 2016-இல் நீதிமன்றம் சொன்னது. மறுபடியும் ஆய்வு செய்து ஒப்புதல் பெற்ற பிறகு, 2018-இல் விடுதி திறக்கப்பட்டது. கடலின் பெயரில் வந்த பணத்தில் விடுதி கட்டலாமா? இரண்டு பக்கமும் வாதம் இருக்கு. கேள்வி கேட்க ஆள் இருந்ததால்தான் திட்டத்தை இன்னொரு முறை ஆராய்ந்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

காலத்தின் கணக்கு

இப்போது பாடத்தின் மையத்துக்கு வருவோம். ஒரு சின்னக் கணக்கு போடலாம்.

10 ஹெக்டர் சதுப்பு நிலம் என்று வைத்துக்கொள்வோம். கசிவால் அதன் பயன் பாதியாகக் குறைகிறது. பிறகு சீராக ஏறி, 10 ஆண்டில் பழைய நிலைக்கு வருகிறது. வரைபடத்தில் இந்த இழப்பு ஒரு முக்கோணம். அதன் பரப்பு: 10 ஹெக்டர் × 0.5 × 10 ஆண்டு ÷ 2 = 25 ஹெக்டர்-ஆண்டு. நிலம் முழுசா மீண்டுவிட்டது. ஆனாலும் அந்த 25 ஹெக்டர்-ஆண்டு திரும்பி வரவில்லை. அந்தக் காலத்தில் பிறந்திருக்க வேண்டிய இறாலும் மீனும் பிறக்கவே இல்லை.

இந்தக் கடனை அடைக்க, வேறோர் இடத்தில் 1 ஹெக்டர் புதிய சதுப்பை உருவாக்கி 25 ஆண்டு காக்கலாம். ஆனால் நட்ட மறுநாளே அது முழுப் பயன் தராது. தள்ளிப்போனால் வட்டியும் ஏறும். இந்த வகைக் கணக்கில் ஆண்டுக்கு 3 விழுக்காடு கழிவு வைப்பது வழக்கம். அதாவது நாளைய 1 ஹெக்டர் இன்றைய 1 ஹெக்டருக்குச் சமம் இல்லை. ஆக, 1 ஹெக்டர் போதாது, கூடுதலாகவே வேண்டும். படிப்புக் கடன் வாங்கியவர்களுக்கு இது சொல்லாமலே புரியும்!

உண்மையில் எவ்வளவு காலம் ஆகும்? 1989-இல் அலாஸ்காவில் ‘எக்ஸான் வால்டெஸ்’ கப்பல் தரைதட்டி எண்ணெய் கொட்டியது. மோசமாகப் பாதிக்கப்பட்ட பகுதியின் கடல்நீர்நாய்கள் மீண்டுவிட்டன என்று அறிவிக்க ஏறக்குறைய 25 ஆண்டு ஆனது. அந்தக் கசிவுக்குப் பிறகுதான் அமெரிக்கா 1990-இல் எண்ணெய் மாசுச் சட்டத்தை இயற்றியது. இடைக்கால இழப்பையும் ஈடுகட்ட வேண்டும் என்று கேட்பதற்கு அந்தச் சட்டம் இடம் தருகிறது.

நம் பக்கம் என்ன நிலைமை?

மலேசியாவும் சிங்கப்பூரும் 1992 அனைத்துலக எண்ணெய் மாசு இழப்பீட்டு ஒப்பந்தங்களில் சேர்ந்துள்ளன. எண்ணெய் ஏற்றிச் செல்லும் கப்பல்களின் கசிவுகளுக்கானவை அவை. துப்புரவுச் செலவும், மீனவர், சுற்றுலாத் தொழில் போன்றோரின் வருமான இழப்பும் கேட்கலாம். ஆனால் சுற்றுச்சூழல் சேதத்துக்கு, உண்மையில் செய்த அல்லது செய்யப்போகிற நியாயமான சீரமைப்புப் பணிகளின் செலவு மட்டுமே கிடைக்கும். முக்கோணக் கணக்கைக் காட்டி மட்டும் பணம் கேட்க முடியாது. யாராவது ஒரு சீரமைப்புத் திட்டம் போட்டால்தான் பேச்சே தொடங்கும். யாரும் போடாவிட்டால் இயற்கையின் கணக்கு பூஜ்யம்.

திட்டம் போட ஒன்று அவசியம்: கசிவுக்கு முன் அந்த இடம் எப்படி இருந்தது என்ற பதிவு. எத்தனை நண்டு, எத்தனை கடல்புல், எந்தப் பறவை, எந்த மாதம்? இது இல்லாமல் ‘இவ்வளவு இழந்தோம்’ என்று யாராலும் நிரூபிக்க முடியாது. நோய் வந்த பிறகு மருத்துவர் பழைய ரிப்போர்ட் கேட்பாரே, அதே மாதிரி.

தர்மம் என்ன சொல்கிறது?

நம் மரபில் இல்லறத்தார் நாள்தோறும் செய்ய வேண்டியவை ஐந்து வேள்விகள். அவற்றில் ஒன்று பூத யக்ஞம். சாப்பிடுவதற்கு முன் காக்கைக்குச் சோறு வைக்கும் வழக்கத்தை இதோடு சேர்த்துச் சொல்வார்கள். இதை நாம் தானம் என்று நினைக்கிறோம். உண்மையில் இது கடன். மற்ற உயிர்களிடமிருந்து எடுத்துக்கொண்டுதான் வாழ்கிறோம், அதனால் திருப்பித் தர வேண்டும் என்பதே இதன் அடிப்படை.

மாசி மகத்தில் தெய்வத்தைக் கடலுக்கு எழுந்தருளச் செய்கிறோம். பினாங்கு தெலுக் பஹாங்கில் தெப்பம் கடலில் மிதக்கிறது. பெற்றோரின் அஸ்தியைக் கரைப்பதும் அதே கடலில்தான். இவ்வளவு வாங்கிக்கொண்ட கடலுக்கு நாம் திருப்பித் தந்தது என்ன? ‘மன்னிச்சுக்கோ’ என்று வணங்கினால் மட்டும் பரிகாரம் ஆகாது. கெடுத்ததைச் சரிசெய்யவும் வேண்டும், இடைப்பட்ட காலத்தில் இழந்ததை ஈடுகட்டவும் வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

1. ஒரு கரையைத் தத்தெடுங்கள். உங்கள் கிளைக்குப் பக்கத்தில் உள்ள கடற்கரை அல்லது பாக்காவ் காட்டில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒரே இடத்தில், ஒரே கோணத்தில் படம் எடுங்கள். தேதி, நேரம், ஏற்ற இறக்கம் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள்.

2. ஏற்கெனவே நடக்கும் கணக்கெடுப்பில் சேருங்கள். சிங்கப்பூரில் தேசியப் பூங்காக் கழகத்தின் கரையோரக் கண்காணிப்புத் திட்டம் உண்டு. மலேசியாவில் ரீஃப் செக் மலேசியா பவளப்பாறைகளைக் கணக்கெடுக்கிறது.

3. கசிவு நடந்தால் தனியாக இறங்காதீர்கள். எண்ணெய் தோலுக்கும் மூச்சுக்கும் கெடுதல். எண்ணெய் பட்ட பறவையை நீங்களே கழுவவும் வேண்டாம். அதிகாரிகளிடம் தெரிவித்து, பயிற்சி பெற்று, பாதுகாப்பு உடையோடு செல்லுங்கள்.

4. மணல் வெளுத்த பிறகும் கேளுங்கள்: ‘மீட்புத் திட்டம் எங்கே? கண்காணிப்பு எத்தனை ஆண்டு?’

குழுவில் பேசிப் பார்க்க

• உங்கள் ஊர்க் கரையில் நாளை எண்ணெய் வந்தால், முதலில் எந்த இடத்தைக் காப்பாற்றுவீர்கள்? ஏன்?

• அலபாமா விடுதி நியாயமான ஈடா? இரண்டு அணியாகப் பிரிந்து வாதிடுங்கள்.

• மேலே உள்ள கணக்கில் நிலம் மீள 20 ஆண்டு ஆகும் என்றால் கடன் எவ்வளவு? (விடை: 50 ஹெக்டர்-ஆண்டு.)

• கோயிலிலும் வீட்டிலும் செய்யும் எந்தப் பழக்கத்தைப் பூத யக்ஞமாக மாற்றலாம்?

அடுத்த முறை கடற்கரைக்குப் போகும்போது கைப்பேசியில் உங்களை எடுத்தது போக, கரையையும் நாலு படம் எடுத்து வையுங்க. ஒரு நாள் அதுவே கடலுக்குச் சாட்சி சொல்லும்.