ஓட்டர் ஜாபிதாவும் ஓட்டுரிமையும்
(ராயகிரி வட்டாரத்துக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கு ஒரு பாடம்)

கூட்டுறவுச் சங்கத்தின் அங்கத்தினர் புத்தகத்தில் எவர் பெயர் பதிவாகியிருக்கிறதோ, அவரே மகாசபைக் கூட்டத்தில் ஓட்டுக் கொடுக்கலாம். பத்துப் பங்கு வாங்கியவருக்கும் ஓர் ஓட்டு. ஒரு பங்கு வாங்கியவருக்கும் ஓர் ஓட்டு. புத்தகத்தில் பெயர் இல்லாதவர் எவ்வளவு செல்வமுடையவராயினும், சங்கத்துக்கு எவ்வளவு வேண்டியவராயினும், அன்று வெளியே நிற்க வேண்டியவரே. இதனைச் சங்க அங்கத்தினர் யாவரும் அறிவர்.

நாட்டின் தேர்தலும் இவ்விதமே நடைபெறுகிறது. அங்கே அங்கத்தினர் புத்தகத்தின் ஸ்தானத்தில் இருப்பது வாக்காளர் பட்டியல், அதாவது ஓட்டர் ஜாபிதா. ஆனால் சங்கப் புத்தகத்தைக் கவனிப்பவர்களிற் பலர் ஓட்டர் ஜாபிதாவைக் கவனிப்பதில்லை. சென்ற தேர்தலில் ஓட்டளித்தோம், கையில் அடையாள அட்டை இருக்கிறது, ஆகவே இம்முறையும் ஓட்டு உண்டு என்று எண்ணிவிடுகின்றனர். இவ்வெண்ணம் தவறு. அட்டை என்பது ஆளை அடையாளம் காட்டுவது மட்டுமே. ஓட்டுரிமையைத் தருவது ஜாபிதாவிலுள்ள பெயர். அட்டை இருந்து பெயர் இல்லையேல் ஓட்டு இல்லை; பெயர் இருந்து அட்டை தொலைந்துபோயினும் வேறு அத்தாட்சி காட்டி ஓட்டளிக்கலாம்.

1. உரிமை வந்த வரலாறு

1937-ஆம் வருஷத்தில் சென்னை மாகாணச் சட்டசபைக்குத் தேர்தல் நடந்தபோது, வரி, சொத்து, கல்வி முதலிய தகுதிகளுள் ஒன்றேனும் உடையவர்களுக்கே ஓட்டு இருந்தது. நிலமில்லாத கூலியாட்களும் எழுத்தறியாப் பெண்களும் பெரும்பாலும் ஜாபிதாவுக்குப் புறம்பாகவே இருந்தனர். 1950-ஆம் வருஷம் ஜனவரி 26-ல் அமலுக்கு வந்த அரசியலமைப்புச் சட்டம் இத்தடையை அகற்றி, வயதுவந்த பிரஜைகள் அனைவருக்கும் ஓட்டுரிமை அளித்தது. அப்போது வயது வரம்பு 21. 1989-ல் அது 18 ஆகக் குறைக்கப்பட்டது.

ஆயினும் சட்டம் அளித்த உரிமை ஜாபிதாவில் ஏறினாலன்றிப் பயன்படாது என்பது முதற் பொதுத் தேர்தலிலேயே வெளியாயிற்று. 1951-52-ல் நடைபெற்ற அத்தேர்தலுக்கு ஜாபிதா தயாரிக்கப்பட்டபோது, வட இந்தியாவில் பல பெண்கள் தம் சொந்தப் பெயரைச் சொல்ல மறுத்து, இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாய் என்று மட்டுமே எழுதிக்கொண்டனர். சொந்தப் பெயரின்றிப் பதிவை ஏற்க இயலாது எனத் தேர்தல் கமிஷன் தீர்மானித்ததனால், சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. உரிமை இருந்தது, பெயர் இல்லை, ஆகையால் ஓட்டும் இல்லை.

2. ஒரு பெயர், மூன்று தேர்தல்கள்

முன்பு சங்கரன்கோவில் தாலூகாவில் அடங்கியிருந்த ராயகிரி, இன்று தென்காசி ஜில்லா சிவகிரி தாலூகாவைச் சேர்ந்த பேரூராட்சியாகும். இங்குள்ள வாக்காளர் பார்லிமெண்டுக்குத் தென்காசித் தொகுதியிலும், சட்டசபைக்கு வாசுதேவநல்லூர்த் தொகுதியிலும் ஓட்டளிக்கின்றனர். இவ்விரு தொகுதிகளும் ஷெட்யூல்டு வகுப்பினருக்கு ஒதுக்கப்பட்டவை. ஒதுக்கீடு அபேட்சகராக நிற்பவருக்கே உரியது; ஓட்டளிக்கும் உரிமை தொகுதியிலுள்ள எல்லாச் சமூகத்தாருக்கும் சமம்.

மூன்றாவது, பேரூராட்சித் தேர்தல். 2022-ஆம் வருஷம் பிப்ரவரி 19-ல் தமிழ்நாடெங்கும் நடந்த நகர்ப்புறத் தேர்தலில் வாக்காளர் தத்தம் வார்டு உறுப்பினரை மட்டுமே தேர்ந்தெடுத்தனர். தலைவரைப் பின்னர் அவ்வுறுப்பினர்களே தேர்ந்தெடுத்தனர். சுற்றிலுமுள்ள கிராமப் பஞ்சாயத்துகளின் முறை வேறு. அங்கே வார்டு உறுப்பினர், பஞ்சாயத்துத் தலைவர், ஒன்றிய உறுப்பினர், ஜில்லாப் பஞ்சாயத்து உறுப்பினர் ஆகிய நால்வருக்கும் தனித்தனியே நான்கு ஓட்டுகள் உண்டு. தென்காசி ஜில்லாவில் 2021 அக்டோபரில் இவ்விதமே தேர்தல் நடைபெற்றது.

ஸ்தல ஸ்தாபனத் தேர்தல்களை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். அது தயாரிக்கும் வார்டு ஜாபிதாவோ சட்டசபை ஜாபிதாவைக் கொண்டே அமைகிறது. எனவே சட்டசபை ஜாபிதாவில் ஒரு பெயர் விடுபட்டால், டில்லிக்கும் சென்னைக்கும் அனுப்பும் ஓட்டு மட்டுமன்று, தெருவிளக்குக்கும் குடிநீர்க் குழாய்க்கும் உரிய ஓட்டும் சேர்ந்தே போய்விடும்.

3. பெயர் நீங்குவது எவ்வாறு?

தமிழ்நாட்டில் 2025 நவம்பர் 4 முதல் வீடு வீடாக விசேஷத் தீவிரத் திருத்தம் நடத்தப்பட்டது. அதற்கு முன் ஜாபிதாவில் இருந்தவர்கள் சுமார் 6.41 கோடிப் பேர். டிசம்பர் 19-ல் வெளியான வரைவு ஜாபிதாவில் இருந்தவர்கள் சுமார் 5.43 கோடிப் பேர். ஏறத்தாழ 97 லட்சம் பெயர்கள் வரைவில் இடம்பெறவில்லை. இவற்றுள் காலஞ்சென்றோர் சுமார் 27 லட்சம். குடிபெயர்ந்தோரும் வீட்டில் காணப்படாதோரும் சுமார் 66 லட்சம். எஞ்சியவை இரட்டைப் பதிவு முதலியன என்று தேர்தல் அதிகாரிகள் தெரிவித்தனர். வரைவு என்பது முடிவன்று. அதன்மேல் மனுக்களும் ஆட்சேபங்களும் கோரப்பட்டன. ஆயினும் அம்மனுவைக் கொடுக்க வேண்டியவர், தம் பெயர் இல்லை என்பதை முதலில் அறிந்திருத்தல் வேண்டும்.

இறந்தவர் பெயரும் இருமுறை எழுதிய பெயரும் நீங்குவது நியாயமே. அவை நீடித்தால் ஆள்மாறாட்டத்துக்கு இடமாகும். கவலைக்குரியது மூன்றாம் வகை. கணக்கெடுப்பவர் வந்த நாளில் வீட்டில் காணப்படாத அனைவரும் ஊரைவிட்டுப் போய்விட்டவர்களல்லர்.

4. பிழைப்புக்காக வெளியூர் செல்வோர்

மலையடிவாரத்து ஊர்களில் மழை தவறினால் நிலத்தில் வேலை தவறும். குடும்பத்தில் ஒருவரிருவர் கேரளத்துக்கோ திருப்பூருக்கோ சென்று சில மாதங்கள் தங்குவது வழக்கம். இவர்கள் எங்கே ஓட்டாளர்?

1950-ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு இதற்கு விடை கூறுகிறது. ஒருவர் சாதாரணமாகக் குடியிருக்கும் இடமே அவர் பதிவு பெறும் இடம். தற்காலிகமாக வெளியூர் சென்றிருப்பதனால் மட்டும் ஒருவர் சொந்த ஊர்வாசியல்லாதவர் ஆகிவிடமாட்டார். அதுபோலவே, ஓர் ஊரில் வீடு சொந்தமாக இருப்பதனால் மட்டும் ஒருவர் அவ்வூர்வாசி ஆகிவிடவும் மாட்டார்.

உதாரணமாக, மனைவி மக்களை ராயகிரியில் விட்டு, ஆறு மாதம் வெளியே வேலைபார்த்துத் திரும்பும் கூலியாள் ராயகிரி வாக்காளராகவே இருக்கலாம். குடும்பத்தோடு திருப்பூரில் நிலையாகக் குடியேறி, பிள்ளைகளை அங்கேயே பள்ளியிற் சேர்த்து, கொடைவிழாவுக்கு மட்டும் ஊருக்கு வருபவர் திருப்பூரில் பதிவு செய்துகொள்வதே முறை. ஓரிடத்துக்கு மேல் பதிவு வைத்திருத்தல் சட்டவிரோதம். பொய்யான உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

ஊரைவிட்டுக் குடிபெயர்ந்தார் என்ற காரணத்தால் பதிவு அலுவலர் ஒருவரது பெயரை நீக்கக் கருதினால், அவருக்குத் தம் கட்சியை எடுத்துரைக்கச் சந்தர்ப்பம் அளித்தல் வேண்டும் என்றும் அச்சட்டம் விதிக்கிறது. ஆகவே நோட்டீஸ் வந்தால் அதை மாடக்குழியில் செருகிவைக்காமல், வீட்டிலிருப்போர் உடனே வெளியூரிலுள்ளவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

5. மனுச் செய்யும் முறை

படிவங்கள் முக்கியமாக மூன்று. புதிதாகப் பெயர் சேர்க்கப் படிவம் 6. பெயர் நீக்கவும், பிறர் பெயரைச் சேர்ப்பதற்கு ஆட்சேபம் கூறவும் படிவம் 7. பெயர், வயது, உறவுமுறை முதலியவற்றைத் திருத்தவும், வீடு மாறியதைப் பதியவும், தொலைந்த அட்டைக்கு மாற்று அட்டை பெறவும் படிவம் 8. திருமணமாகி வந்த பெண் முன்பே பிறந்த ஊரில் பதிவு பெற்றிருந்தால், அவர் கேட்க வேண்டியது படிவம் 8. புதிதாகப் படிவம் 6 கொடுத்தால் இரட்டைப் பதிவாகும்.

படிவங்களை வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமோ தாலூகா ஆபீஸிலோ பெற்றுப் பூர்த்தி செய்து கொடுக்கலாம். தேர்தல் கமிஷனின் இணையதளம் மூலமும் அனுப்பலாம். கட்டணம் இல்லை. சந்தேகம் தெளிய 1950 என்ற தொலைபேசி எண் உண்டு. மனுக் கொடுத்தவர் அத்தாட்சி எண்ணைக் கேட்டு வாங்கிக் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும்.

வயது கணக்கிடும் தேதி முன்பு ஜனவரி 1 ஒன்றே. 2022 முதல் ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என நான்கு தேதிகள் வைக்கப்பட்டன. 17 வயது நிறைந்தவர் முன்கூட்டியே மனுக் கொடுத்துவைக்கலாம்.

மனு நிராகரிக்கப்பட்டால், 15 நாட்களுக்குள் ஜில்லாத் தேர்தல் அதிகாரியிடம் அப்பீல் செய்யலாம். அங்கும் தீர்ப்பு எதிராயின், 30 நாட்களுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் இரண்டாம் அப்பீல் உண்டு.

காலம் மிக முக்கியம். அபேட்சகர்கள் நியமன மனுத் தாக்கல் செய்யும் கடைசி நாளுக்குப்பின், அத்தேர்தல் முடியும்வரை ஜாபிதாவில் ஒரு பெயரையும் சேர்க்கவோ நீக்கவோ திருத்தவோ இயலாது. ஓட்டுச் சாவடிக்கு வந்தபின் பெயர் இல்லையெனக் கண்டு முறையிடுபவருக்கு அங்குள்ள உத்தியோகஸ்தர் எவரும் உதவ வழியில்லை.

6. ஓட்டளிக்கும் நாளில்

பார்லிமெண்டு, சட்டசபைத் தேர்தல்களில் சாவடியில் நடக்கும் முறை இது. முதல் உத்தியோகஸ்தர் ஜாபிதாவில் பெயரையும், அத்தாட்சியைக் கொண்டு ஆளையும் சரிபார்ப்பார். அட்டை இல்லாதவர் ஆதார், வேலையுறுதித் திட்ட அட்டை, போட்டோவுள்ள பாங்கு அல்லது தபாலாபீஸ் பாஸ்புத்தகம் முதலிய, கமிஷன் அனுமதித்த அத்தாட்சிகளுள் ஒன்றைக் காட்டலாம். வீட்டுக்கு வரும் ஓட்டர் சீட்டு மட்டும் போதாது. இரண்டாம் உத்தியோகஸ்தர் இடக்கை ஆட்காட்டி விரலில் மை வைத்து, பதிவேட்டில் கையெழுத்தோ ரேகையோ பெற்று, ஒரு சீட்டுத் தருவார். மூன்றாமவர் அச்சீட்டைப் பெற்று யந்திரத்தை இயக்குவார்.

மறைவிடத்தில், விரும்பிய அபேட்சகரின் சின்னத்துக்கு நேரேயுள்ள நீலப் பொத்தானை அமுக்கினால் சிவப்பு விளக்கு எரியும். பக்கத்துப் பெட்டியின் கண்ணாடி வழியே, ஓட்டு விழுந்த சின்னம் அச்சிட்ட சீட்டு ஏழு விநாடி தெரிந்து பின் உள்ளே விழும். நீண்ட ஓசையும் கேட்கும். இவற்றைப் பார்த்தபின்னரே வெளியேற வேண்டும். எவரையும் விரும்பாதவருக்கு, நோட்டா எனும் பொத்தான் 2013 முதல் இருக்கிறது.

தம் பெயரில் வேறொருவர் முன்பே ஓட்டளித்துவிட்டதாகத் தெரிந்தால், வீடு திரும்பிவிடலாகாது. சாவடித் தலைமை உத்தியோகஸ்தரிடம் கூறி, தாம் தாமே என்று நிரூபித்து, அச்சிட்ட ஓட்டுச் சீட்டில் ஓட்டளிக்கக் கேட்கலாம். அச்சீட்டுத் தனி உறையில் வைக்கப்படும். அது சாதாரண எண்ணிக்கையில் சேராதெனினும், பிற்பாடு வழக்கு வந்தால் சாட்சியாக நிற்கும்.

கண் தெரியாதவரும் தளர்ந்தவரும் 18 வயது நிரம்பிய ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லலாம். 85 வயதுக்கு மேற்பட்டோரும், 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனமுடையோரும், தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாட்களுக்குள் படிவம் 12-டி கொடுத்தால் வீட்டிலிருந்தே ஓட்டளிக்கலாம். முடிவு நேரத்துக்குள் வரிசையில் நின்றவர் அனைவருக்கும், நேரம் கடந்தாலும், ஓட்டளிக்கும் உரிமை உண்டு. தினக்கூலிக்காரர் உட்படத் தொழிலாளர் அனைவருக்கும் அன்று சம்பளத்தோடு விடுமுறை அளிக்கச் சட்டம் கட்டளையிடுகிறது.

7. ஓட்டும் பணமும்

ஓட்டுக்குப் பணம் கொடுப்பவரோடு வாங்குபவரும் குற்றவாளியே. ஓராண்டு வரை சிறை உண்டு. இதைவிடப் பெரிய நஷ்டம் வேறு. ஐந்து வருஷத்துக்குரிய ஓட்டை ஆயிரம் ரூபாய்க்கு விற்றவர், நாளொன்றுக்கு ஐம்பத்தைந்து காசுக்குத் தம் கேள்விகேட்கும் உரிமையை விற்றவராகிறார். சங்கத்தில் ஓட்டுக்குப் பணம் வாங்கி ஒரு நிர்வாகியை நியமித்தவர், பின்பு கணக்கில் குறை கண்டால் எந்த முகத்தோடு கேட்பார்? ஓட்டு ரகசியமானது, எவருக்கு அளித்தார் என்பதை வெளியிட ஒருவரும் கடமைப்பட்டவரல்லர்.

8. சங்கம் செய்யத்தக்கது

சங்கம் எக்கட்சிக்கும் ஆதரவு தேட வேண்டுவதில்லை. ஆயினும் ஜாபிதாவைக் கவனிப்பது கட்சிக் காரியமன்று. வரைவு ஜாபிதா வெளியாகும்போது, தெருவுக்கு ஓர் அங்கத்தினராகப் பொறுப்பேற்று, தத்தம் பாகத்தைப் படித்து, நான்கு வகையாகக் குறிக்கலாம்: இருக்கவேண்டியும் இல்லாதவர், இறந்தும் பெயர் நீங்காதவர், பெயரோ வயதோ பிழைபட்டவர், 18 வயதை எட்டும் இளைஞர். குறித்தபின் அவரவரை மனுச் செய்யத் தூண்டுவதே எஞ்சிய வேலை. எழுதப் படிக்கத் தெரியாத கூலியாட்கள், கைம்பெண்கள், வெளியூரிலிருப்போரின் குடும்பத்தார் ஆகியோரின் வீடுகளுக்கு முதலில் செல்லுதல் நன்று. பெயர் தவறினால் கேட்பாரற்றுப் போகிறவர்கள் அவர்களே.

சங்கக் கூட்டத்தில் விவாதிக்கத்தக்க கேள்விகள்

1. அடையாள அட்டைக்கும் ஜாபிதாவிலுள்ள பெயருக்கும் என்ன வித்தியாசம்?
2. நம் தெருவில் வேலைக்காக வெளியூர் சென்றவர் எத்தனை பேர்? அவர்களுள் திரும்புவோர் யார், குடியேறிவிட்டோர் யார்?
3. மணமாகி வந்த பெண்கள் அனைவரும் தம் பதிவை மாற்றிக்கொண்டனரா?
4. இங்கே கூடியுள்ளோரில், தம் பெயரை இவ்வருஷத்து ஜாபிதாவில் தம் கண்ணாலேயே பார்த்தவர் எத்தனை பேர்?

நான்காம் கேள்விக்கு எல்லாரும் கை உயர்த்தும் நாளில் இப்பாடம் பயன்பட்டதாகும்.