மலை முதல் மெரினா வரை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

மலையும் ஆறும் கடற்கரையும் நமக்குத் தனித்தனிச் சங்கதிகள். புவியியலுக்கோ மூன்றும் ஒரே கதை. மேலே பாறை சிதைகிறது. ஆறு அதைச் சுமந்து வருகிறது. கடல் வாங்கிக் கரையோரமாக நகர்த்துகிறது. இந்தத் தொடர்ச்சி கண்ணில் படாததால் வேரூன்றிய சில நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை: செஞ்சி மலையில் உள்ள உருண்டைப் பாறைகள் எங்கிருந்தோ உருண்டு வந்தவை, அல்லது யாரோ அடுக்கி வைத்தவை.

உண்மை: பெரும்பாலானவை இருந்த இடத்திலேயே உருண்டையானவை. கிரானைட் நிலத்தடியில் இருக்கும்போதே குறுக்கும் நெடுக்குமாக வெடிப்பு விட்டுக் கட்டம் கட்டமாகப் பிரிந்திருக்கும். அந்த வெடிப்புகளில் மழைநீர் இறங்குகிறது. கட்டத்தின் முகப்பை நீர் ஒரு பக்கத்திலிருந்து தாக்குகிறது, விளிம்பை இரண்டு பக்கங்களிலிருந்து, மூலையை மூன்று பக்கங்களிலிருந்து. ஆகவே முதலில் மூலை கரைகிறது, சதுரம் உருண்டையாகிறது. பிறகு சுற்றியுள்ள மண்ணை மழை அடித்துக்கொண்டு போக, கெட்டியான நடுப்பகுதி ஒன்றின்மேல் ஒன்றாக வெளியே தெரிகிறது.

இதை நேரில் பார்க்க, சாலைக்காகக் குன்றை வெட்டிய இடம் எதிலாவது நின்றால் போதும். பழுப்பு மண்ணுக்கு நடுவே உருண்டைக் கல் ஒன்று புதைந்திருக்கும். அதைச் சுற்றி வெங்காயத் தோல்போல அடுக்கடுக்காகப் பாறை உரிந்திருக்கும். அந்த அடுக்கை விரலால் நெருடினால் பொலபொலவென உதிரும். வெள்ளையாகக் கையில் ஒட்டுவது ஃபெல்ஸ்பார் என்ற கனிமம் மக்கிய களிமண். உதிராமல் நறநறப்பது குவார்ட்ஸ். நாம் ஆற்றுமணல் என்று அள்ளுவதில் பெரும்பகுதி இதுதான்.

நம்பிக்கை: பாறை உடைவதற்கு வெயில்தான் காரணம். பகலில் விரியும், இரவில் சுருங்கும், வெடிக்கும்.

உண்மை: பள்ளிக்கூடத்தில் படித்ததில் பாதிதான் சரி. 1936இல் டேவிட் கிரிக்ஸ் என்ற அமெரிக்கப் புவியியலாளர் கிரானைட் துண்டு ஒன்றை 89,400 முறை சூடாக்கிக் குளிர வைத்தார். தினம் ஒருமுறை என்று கணக்கிட்டால் சுமார் 244 ஆண்டு வெயில். உலர்ந்த காற்றில் குளிர வைத்தவரை கல்லில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. தண்ணீர் தெளித்துக் குளிர வைத்தபோது சிறிது காலத்திலேயே சிதைவு தெரிந்தது. பெரிய பாறைகளில் வெயிலால் விரிசல் விழுவதும் உண்டு. ஆனால் நீர் சேராமல் வெயில் மட்டும் அவ்வளவு சேதம் செய்துவிடாது.

நம்பிக்கை: இதெல்லாம் லட்சக்கணக்கான ஆண்டுகளில் நடப்பது, நம் ஆயுளில் ஒன்றும் தெரியாது.

உண்மை: பாறை மக்குவது மெதுவாகத்தான். மக்கியது இடம் பெயர ஓர் இரவு போதும். மேற்குத் தொடர்ச்சி மலையில் மழை அதிகம் என்பதால் சரிவுகளில் மக்கிய மண் கனமாகப் படிந்திருக்கிறது. நீர் ஊறி உள் அழுத்தம் ஏறும்போது மண்ணின் பிடி தளர்ந்து நிலம் சரிகிறது. 2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளில் நடந்தது அதுதான். இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மரம் இருந்தால் சரியாது என்பதும் முழு உண்மையல்ல. வேர் இறங்கிய ஆழம்வரை மண்ணைப் பிடித்துக்கொள்ளும். அதற்கும் கீழே மண் நழுவினால் மரமும் சேர்ந்தே வரும்.

நம்பிக்கை: ஆற்றில் எவ்வளவு மணல் அள்ளினாலும் அடுத்த வெள்ளம் கொண்டுவந்து நிரப்பிவிடும்.

உண்மை: வெள்ளம் மணலை உண்டாக்குவதில்லை, மேலே இருப்பதைக் கீழே தள்ளுகிறது, அவ்வளவுதான். வழியில் அணை இருந்தால் நீர் அங்கே தேங்கி, சுமந்து வந்ததை இறக்கிவிடுகிறது. காவிரியில் 1934இல் மேட்டூர் அணை வந்ததிலிருந்து, மேலிருந்து வரும் மணலிலும் வண்டலிலும் பெரும்பங்கு அணைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. தஞ்சைச் சமவெளியே அரிப்பு கொண்டுவந்து போட்ட நிலம் என்பதை நினைத்துக்கொண்டால், மலையில் இழப்பு என்று நாம் சொல்வது கீழே வரவு என்பது விளங்கும்.

நம்பிக்கை: மெரினா ஆதிகாலத்திலிருந்தே இவ்வளவு அகலமான கடற்கரை.

உண்மை: மெரினாவின் அகலம் சென்னைத் துறைமுகத்தின் உபயம். சோழமண்டலக் கரையில் அலை சாய்வாக வந்து மோதுவதால், கரையோர மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. வாடைக்காற்றுக் காலத்தில் சில மாதங்கள் திசை மாறினாலும் மொத்தக் கணக்கில் வடக்கே போவதுதான் அதிகம். 1876இல் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டத் தொடங்கினார்கள். வடக்கே போக வேண்டிய மணல் சுவரின் தென்புறம் தேங்கி மெரினா அகன்றது. அந்த மணல் வந்து சேராமல் ராயபுரம் முதல் எண்ணூர் வரை கரை தேய்ந்தது. ஒரே சுவரால் ஒரு பக்கம் உலாவும் இடம், மறுபக்கம் வீட்டு வாசலில் அலை.

நம்பிக்கை: கடலரிப்பா? கல்லைக் கொட்டினால் நின்றுவிடும்.

உண்மை: கல்லுக்குப் பின்னால் உள்ள சாலையும் வீடும் பெரும்பாலும் தப்பும். கல்லுக்கு முன்னால் இருந்த மணல் போய்விடும், அரிப்பும் அடுத்த ஊருக்கு நகரும். புதுச்சேரியில் 1989இல் துறைமுகத் தடுப்புகள் கட்டிய பிறகு நகரக் கடற்கரை காணாமல்போனது. சாலையைக் காக்கக் கல் போட்டார்கள். அரிப்பு வடக்கே தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் என்று நகர, அங்கேயும் கல் போட வேண்டியதாயிற்று. கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கட்டச்சொல்லி மீனவர்கள் கேட்கும் கல்தடுப்பான தூண்டில் வளைவும் இப்படித்தான்: தன் தென்புறத்தில் மணலைச் சேர்த்துத் தரும், வடபுறத்துக்காரருக்கு வர வேண்டியதைக் குறைத்துவிடும்.

பின்னர் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் திட்டப்படி புதுச்சேரியில் கடலுக்குள் செயற்கைத் திட்டு ஒன்றை அமைத்து மணலும் கொட்டினார்கள். நகர் முன்னே கரையின் ஒரு பகுதி மீண்டும் தலைகாட்டியது. தெற்கே தேங்கும் மணலை வாரி வடக்கே சேர்ப்பது இன்னொரு வழி. ஒருமுறை செய்து முடிக்கிற வேலையல்ல அது. ஆண்டுதோறும் செலவு பிடிக்கும். அந்தச் செலவைத் துறைமுகத்தின் திட்ட மதிப்பீட்டிலேயே சேர்க்க வேண்டும். சேர்க்காமல் விட்டால் வடக்கே உள்ள குப்பங்கள்தான் வீடுகளாகவும் வலை உலர்த்தும் கரையாகவும் அந்தச் செலவைச் செலுத்துகின்றன.