பேரப்பிள்ளையின் உடம்பில் காயம் கண்டால்

மூவாரில் மரச்சாமான் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெற்றோர் பலர் பிள்ளைகளைத் தாத்தா பாட்டியிடம் விட்டுச் செல்கிறார்கள். சிங்கப்பூரில் வேலை செய்து வாரக் கடைசியில் வீடு திரும்புவோரும் அப்படியே. குளிப்பாட்டுவதும் சோறு ஊட்டுவதும் நீங்கள். ஆகவே பிள்ளையின் உடம்பில் வித்தியாசம் இருந்தால் முதலில் பார்ப்பதும் நீங்கள்தான்.

ஓடியாடும் பிள்ளைக்கு முழங்காலிலும் நெற்றியிலும் அடிபடுவது சகஜம். ஆனால் இன்னும் தவழாத குழந்தைக்கு எங்கே கன்றிப்போயிருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். காது, கழுத்து, வயிறு, முதுகில் உள்ள காயம், சிகரெட் நுனி அளவில் வட்டமான சூடு, பெல்ட் பட்டது போன்ற கோடு ஆகியவற்றையும் காட்ட வேண்டும். (நம் குழந்தைகள் பலருக்குப் பிறவியிலேயே இடுப்பிலும் பிட்டத்திலும் நீல மச்சம் இருக்கும். அது வலிக்காது, சில நாளில் நிறம் மாறி மறையாது. அதற்காகப் பயப்பட வேண்டாம்.) பெரிய பிள்ளை திரும்பவும் படுக்கையை நனைத்தாலோ, ஒருவரைக் கண்டாலே ஒளிந்துகொண்டாலோ கவனியுங்கள்.

இவற்றைப் பார்த்த பிறகும் பலர் வாய் திறப்பதில்லை. "சொன்னால் பிள்ளையை இல்லத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள், குடும்ப மானம் போய்விடும்" என்ற பயம்தான் காரணம்.

1990இல் நம் நாட்டில் ஒரு சிறு குழந்தை கொடுமைக்கு ஆளாகி இறந்தது. அந்தச் செய்தி மக்களை உலுக்கியது. மறு வருடமே, 1991இல், குழந்தைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பிறகு அதையும் வேறு பழைய சட்டங்களையும் சேர்த்து 2001ஆம் ஆண்டு சிறுவர் சட்டம் உருவானது. 2016இல் அது திருத்தப்பட்டு, பிள்ளையைக் கொடுமைப்படுத்துவோருக்கான தண்டனை 50,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது 20 வருடம் வரை சிறை அல்லது இரண்டும் என உயர்ந்தது. பிள்ளை இருக்கும் வீட்டிலேயே வசிக்கும் தாத்தா பாட்டிக்கும் இதில் கடமை உண்டு: கொடுமை நடக்கிறது என்று நம்பக் காரணம் இருந்தால் உடனே சமூக நல இலாகா அதிகாரியிடம் சொல்ல வேண்டும். சொன்னவர் யார் என்பதைச் சட்டம் காக்கிறது.

சொன்னவுடனே பிள்ளை இல்லத்துக்குப் போய்விடாது. அதிகாரி முதலில் விசாரிப்பார். பிள்ளையைத் தற்காலிகமாக எடுத்துக்கொண்டால் 24 மணி நேரத்துக்குள் சிறுவர் நீதிமன்றத்தில் காட்ட வேண்டும். பெற்றோரிடமே கண்காணிப்போடு விடுவதா, உறவினர் போன்ற தகுந்தவரிடம் ஒப்படைப்பதா, இல்லத்துக்கு அனுப்புவதா என்று நீதிமன்றம் முடிவு செய்யும். அந்தத் தகுந்தவர் நீங்களாகவும் இருக்கலாம். ஆகவே, பிள்ளை எங்கே தூங்கும், பள்ளிக்கு யார் கூட்டிப்போவார், செலவுக்கு என்ன வழி என்பதை அதிகாரியிடம் தெளிவாகச் சொல்லுங்கள். பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசிப் புத்தகம், உங்கள் மைகார்டு மூன்றையும் எடுத்து வையுங்கள். வருமானம் குறைவாக இருந்தால், பேரப்பிள்ளையை வளர்ப்பவர் என்ற முறையில் சிறுவர் உதவித்தொகைக்கும் இலாகாவில் விண்ணப்பிக்கலாம்.

தாலியான் காசிஹ் எண் 15999. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். உயிருக்கு ஆபத்து என்றால் 999. காயம் இருந்தால் சுல்தானா ஃபாத்திமா மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நேராகப் போங்கள். போகுமுன் மஞ்சளோ எண்ணெயோ தடவ வேண்டாம். டாக்டர் காயத்தை உள்ளபடியே பார்க்க வேண்டும். வழியில் பிள்ளையைத் திரும்பத் திரும்பக் கேள்வி கேட்காதீர்கள். மலாய் சரளமாக வராவிட்டால் நம்பிக்கையான ஒரு பெரியவரைத் துணைக்கு அழைத்துச் செல்லுங்கள். பிள்ளையையே மொழிபெயர்க்கச் சொல்ல வேண்டாம்.