பாவைப் பாட்டும் ஒப்பிலக்கிய ஆய்வும்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இராசபாளையத்துக்கும் இடையே அமைந்த ஊர் மம்சாபுரம். ஆண்டாள் பிறந்த ஊர் அண்மையில் இருப்பதால் மார்கழி விடியலில் அவ்வட்டாரத்தில் திருப்பாவை ஒலிப்பது இயல்பே. அங்கிருந்து ஒப்பிலக்கியத்தில் முதுகலை முடித்து ஆய்வு செய்யப் புகும் மாணவர்க்கு வாயிற்படியிலேயே ஒரு தலைப்புக் காத்திருக்கிறது. அத்தலைப்பில் நம் சமயத்திற்கும் பங்குண்டு என்பதை நம்மவருள்ளும் பலர் அறியார்.

அமிதசாகரர் இயற்றிய யாப்பருங்கலத்துக்கு எழுந்த விருத்தியுரையில் ஒரு பாவைப் பாட்டு எடுத்துக்காட்டாக வருகிறது. கோழி கூவுகிறது, பொழுது புலர்கிறது, தோழியர் நீராட அழைக்கின்றனர், 'எம்பாவாய்' என்றே பாட்டு முடிகிறது. ஆனால் அவர்கள் ஏத்துவது அறிவன் திருவடியை. பாடியவர் பெயர் இல்லை. நம் இலக்கண நூலின் உரை காத்து வைத்ததால் மட்டுமே இப்பாட்டு பிழைத்தது.

இதைக் கண்டவுடன், "நம் பாட்டே முந்தியது, மற்றவை அதனைப் பார்த்து எழுந்தவை" என்று கூறிவிட ஆவல் எழும். மாணவர் அங்கேதான் நிற்க வேண்டும். உரையின் காலத்துக்கு முன்பே பாட்டு இருந்தது என்பது மட்டுமே உறுதி. எவ்வளவு முன்பு என்பதை உரை சொல்லவில்லை. அறிவன் என்னும் பெயரும் அருகனுக்கு உரியதாயினும் புத்தனுக்கும் வழங்குவது. நம் நூலில் இருப்பதாலேயே பாட்டும் நம்முடையது என்று வழக்காடினால், எதிர்த்தரப்பும் அவ்வாறே வழக்காடும்; ஆய்வு அங்கே முடிந்துபோகும்.

ஒப்பாய்வு கடன் கணக்கு அன்று. இலங்கை அறிஞர் க. கைலாசபதி, இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் தாம்சனிடம் பயின்று, சங்கப் பாடல்களைக் கிரேக்க வீரயுகப் பாடல்களோடு ஒப்பிட்டார். அந்நூல் 1968-இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. தமிழ்ப் பாணர் ஹோமரைப் பார்த்துப் பாடினர் என்பது அவர் முடிவன்று. ஒத்த சமுதாயச் சூழல் ஒத்த பாடல்மரபைத் தோற்றுவிக்கும் என்பதே அவர் காட்டிய வழி.

பாவைப் பாட்டின் நிலை சற்று வேறானது. ஒரே மண்ணில், ஒரே மொழியில், அருகருகே வாழ்ந்தோர் பாடியவை இவை. இங்குப் பொதுவான வேரைத் தேட வேண்டும். பரிபாடலின் 11-ஆம் பாட்டு வையையில் கன்னியர் ஆடிய நீராட்டைக் கூறுகிறது. பாகவதத்தின் பத்தாம் கந்தத்தில் ஆயர் மகளிர் மார்கழியில் யமுனையில் நீராடி, மணலால் உருவமைத்துக் காத்தியாயனியை வழிபடுகின்றனர். இந்நோன்பு மகளிர்க்குப் பொதுவாக இருந்திருக்க, ஒவ்வொரு சமயமும் அதனைத் தன் தெய்வத்துக்கு உரியதாக்கிப் பாடியது எனக் கொள்வது பொருந்தும் என்பது என் கருத்து. ஆண்டாள் 30 பாட்டும், மாணிக்கவாசகர் திருவெம்பாவையில் 20 பாட்டும் பாடினர். நம்மவருள் அவிரோதியாழ்வார் பெயரிலும் ஒரு திருவெம்பாவை வழங்குகிறது.

இம்மரபு கடலையும் கடந்தது. சயாம் நாட்டின் பாங்காக்கில் அரசவை அந்தணர் நடத்தும் விழாவின் பெயர் திரியம்பாவாய். திருவெம்பாவைப் பாட்டுகள், தமிழ் அறியாதோர் நாவில் உருமாறியும், அங்கு ஓதப்படுகின்றன. விழாவின் பெரிய ஊஞ்சலாட்டம் 1935-இல் நின்றுவிட்டது. கோயிற் சடங்கு நிற்கவில்லை. பொருள் மறந்தும் ஒலி நிலைத்தது ஏன் என்பதே தனி ஆய்வேட்டுக்கு உரிய வினா.

ஆகவே இத்தலைப்பை எடுக்கும் மாணவர் முதலில் மூலபாடங்களை ஒழுங்குசெய்து கொள்ளட்டும். பின் ஒற்றுமைகளை விரைந்து முடித்து, வேற்றுமைகளில் தங்கட்டும். ஆண்டாளின் மகளிர் கண்ணனிடம் பறை கேட்கின்றனர். திருவெம்பாவையின் மகளிர் சிவனடியாரே தமக்குக் கணவராக வேண்டுமென வேண்டுகின்றனர். விருப்பு வெறுப்பற்ற அறிவன் முன் நிற்கும் மகளிர் எதனைக் கேட்க இயலும்? கேட்பதற்கு ஒன்றுமில்லாதவிடத்து நோன்பின் பொருள் யாது? நம் சமயம் அறிந்தவர்க்கே இவ்வினா எளிதில் தோன்றும்.

இன்னொரு பக்கமும் உண்டு. அவ்வட்டாரத்திலிருந்து நெடுந்தொலைவு இல்லாத கழுகுமலையில், தீர்த்தங்கரர் திருவுருவங்களின் கீழுள்ள கல்வெட்டுகள் குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியர்களைக் குறிக்கின்றன. மாணாக்கரைக் கொண்டிருந்த பெண்பாலார் வாழ்ந்த பாண்டிநாட்டில், பெயரற்ற அப்பாவைப் பாட்டைப் பாடியவர் ஆணா பெண்ணா என்று இதுவரை எத்தனை பேர் கேட்டிருப்பர்?